தடா அருவிக்கு எப்போது போகலாம்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்து தடா ஃபால்ஸ் போய் வர ஆசை. போன மே மாதம் என் தம்பியும் அவன் நண்பர்களும் போனார்கள். அருவியில் தண்ணீர் இல்லை, வழியிலேயே ஒரு பையன் மயங்கி விழுந்துவிட்டான், பாதியில் திரும்பிவிட்டார்கள். “கார்த்திகையில் போனால்தான் அருவி கொட்டும்” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது காணும் பொங்கலுக்குத்தான். எங்களோடு 56 வயது மாமா வருகிறார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அக்கா மகனுக்கு 11 வயது. தம்பி காசிமேட்டில் படகுக்குப் போகிறவன், நன்றாக நீந்துவான். எந்த மாதம் போவது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரி,

எந்த நாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதம், காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வரும் ஒரு சனிக்கிழமை. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் கிளம்பும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்கள் அந்த மலையில் மழை பெய்திருக்கக் கூடாது. காலண்டரில் எந்த மாதம் என்று பார்ப்பதைவிட, கடைசி மழை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுவதே இந்த வழிக்குச் சரியான கணக்கு.

ஏன் என்று புரிய, இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நாம் தடா ஃபால்ஸ் என்று சொல்லும் அருவி, ஆந்திராவிலுள்ள தடா ஊரில் இல்லை. தடாவிலிருந்து மேற்கே, வரதய்யபாளையம் தாண்டி, இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது உப்பலமடுகு. சித்துலய்ய கோனா என்றும் சொல்வார்கள். கோனா என்றால் தெலுங்கில் மலையிடுக்கு. பெயரே வழியைச் சொல்லிவிடுகிறது. இரண்டு பக்கமும் மலை ஏறி நிற்க, நடுவில் ஓடை, ஓடை நெடுக உருண்டு கிடக்கும் பாறைகள். முதல் பகுதி காட்டுப் பாதை, யாரும் நடக்கலாம். அதன் பிறகு பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, ஓடைதான் பாதை. அதனால் ஓடையில் எவ்வளவு தண்ணீர், பாறை எவ்வளவு ஈரம் என்ற இரண்டும்தான் அன்றைய நடையைத் தீர்மானிக்கும். போக வர சுமார் 10 கிலோமீட்டர். வண்டியை எங்கே நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். சாலையில் இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடும் தூரம்தான். பாறை மேல் மணிக்கு ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன கார்த்திகை. அருவி அப்போது நன்றாகக் கொட்டும் என்பது உண்மை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மா சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது, நம் பக்கத்தில் நவம்பர்தான் அதிகம் பெய்கிற மாதம். ஆனால் அருவி கொட்டுகிற அதே தண்ணீர்தான் நீங்கள் நடக்க வேண்டிய வழியில் ஓடி வருகிறது. ஐப்பசி மழையிலேயே மலையின் மேல் மண் ஊறி நிரம்பிவிடும். அடியில் இருப்பது கெட்டிப் பாறை, தண்ணீரை உள்ளே விடாது. கார்த்திகையில் அதன் மேல் இன்னொரு மழை விழுந்தால், விழுந்தது அப்படியே ஓடைக்கு வந்து சேர்கிறது. அகலமான ஆற்றில் ஓரடி ஏறுகிற தண்ணீர், இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஓர் ஆள் உயரம் ஏறிவிடும். அதற்கு மணிக்கணக்கு ஆகாது, நிமிடக் கணக்குத்தான்.

இதில் ஏமாறுவது எங்கே என்றால், மழை உங்கள் தலை மேல் பெய்ய வேண்டியதே இல்லை. மேலே மலை முகட்டில் பெய்தால் போதும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் மழைப்பட்டைகள் இரவிலும் விடியற்காலையிலும்தான் பெரும்பாலும் கொட்டும். பத்து மணிக்கு வானம் வெளுத்துவிடும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் பலர் உள்ளே இறங்குகிறார்கள். பாதி வழி போன பிறகு, இரவு பெய்த தண்ணீர் மேலிருந்து வந்து சேரும், அல்லது அடுத்த பட்டை வந்துவிடும். இடுக்குக்குள் மாட்டிக்கொண்டவர் ஓடையைக் கடந்து திரும்ப முடியாது. இந்த மாதங்களில் வனத்துறை வழியை மூடினால் அதற்குக் காரணம் இதுதான். அவர்கள் மூடவில்லை என்றாலும், பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிசம்பர் மாதமும் இதே கணக்கில்தான் சேரும். வர்தா புயல் நம் ஊரைத் தாக்கியது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் மழை வட சென்னையை முழங்காலுக்கும் இடுப்புக்கும் தண்ணீரில் நிறுத்தியது 2023 டிசம்பர் முதல் வாரம். தானே புயல் கடலூர் பக்கம் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. அதனால் ‘மார்கழி பிறந்தால் மழை போச்சு’ என்று திட்டம் போடுவது ஆபத்து. தை பிறந்த பிறகு இப்படிப்பட்ட பெருமழைக்கு வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதே நேரம் மலையில் ஊறிய தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டே இருப்பதால் அருவியில் நீர் இருக்கும், மடுக்கள் தெளிந்திருக்கும். சென்னையில் ஜனவரிப் பகல் 29, 30 டிகிரி. நடக்க இதமான சூடு. நான் தை என்று சொல்வதற்கு இவ்வளவுதான் காரணம்.

தம்பி போன மே மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பையன் மயங்கியது தற்செயல் இல்லை. கத்திரி வெயிலில் நம் ஊர்க்காரர்களைக் காப்பாற்றுவது மதியத்தை ஒட்டி உள்ளே வரும் கடற்காற்று. தண்டையார்பேட்டையில் 12, 1 மணிக்கு அது வந்ததும் உடம்பு தேறும். மலையிடுக்குக்குள் அந்தக் காற்று எட்டாது. இரண்டு பக்கப் பாறையும் காலையிலிருந்து சூடேறி, மதியத்துக்குப் பிறகு அடுப்புச் சுவர் மாதிரி சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். வியர்வை காயாது, உடல் குளிராது. அந்த நேரத்தில் ஏறுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட வேண்டியிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர். யாரும் அவ்வளவு தூக்கிக்கொண்டு போவதில்லை. ஓடையில் மிச்சமிருப்பதோ தேங்கிய குட்டை. ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிய அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மாசி, பங்குனி? மாசி முதல் பாதியில் சமாளிக்கலாம். தண்ணீர் குறைந்திருக்கும், பாறை நன்றாகக் காய்ந்திருக்கும். அருவி முக்கியமில்லை, நடைதான் முக்கியம் என்பவர்களுக்கு அது நல்ல காலம்கூட. ஆனால் மகா சிவராத்திரியை ஒட்டி அங்குள்ள சிவன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். பக்திக்காகப் போகிறவர்கள் போகட்டும், நடைக்காகப் போகிறவர்கள் அந்த நாட்களை விட்டுவிடுங்கள். மாசி பின்பாதியிலிருந்து காட்டுத்தீ பற்றும் காலம். உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. இடுக்கு என்றால் தீயையும் புகையையும் புகைபோக்கி மாதிரி மேலே இழுக்கும்.

ஆடி, ஆவணி, புரட்டாசியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். காலையில் வானம் சுத்தமாக இருக்கும். ஆனால் நம் வீட்டு மாடியிலிருந்து சாயங்காலம் மேற்கே மின்னல் தெரிகிறதே, அந்த இடிமழை உருவாவது அந்த மலைகளின் பக்கம்தான். அங்கே உருண்டு திரண்டு, கிழக்கே நகர்ந்து, இரவு நமக்கு வருகிறது. நீங்கள் திரும்பி இறங்கிக்கொண்டிருக்கும் மூன்று, நான்கு மணிக்குத்தான் அது அங்கே கொட்டத் தொடங்கும். பழகிய ஆட்கள், விடிந்ததும் ஏறி 11 மணிக்குள் வெளியே வந்துவிடுகிறவர்கள், போகலாம். 11 வயதுப் பிள்ளையையும் 56 வயதுக்காரரையும் வைத்துக்கொண்டு அந்த வேகம் சாத்தியமில்லை.

சரி, மூன்று நாள் மழையில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தண்டையார்பேட்டையில் தெரு காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலை நம் வீட்டிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் தினமும் காலையில் முந்தைய 24 மணி நேர மழை அளவை ஊர்வாரியாக வெளியிடுகிறது. அதில் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, ஆந்திரப் பக்கம் சத்தியவேடு, தடா, சூலூர்ப்பேட்டை, ஸ்ரீகாளஹஸ்தி ஆகிய இடங்களைப் பாருங்கள். எச்சரிக்கையைப் பார்க்கும்போது திருவள்ளூர் மாவட்டத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். நீங்கள் போகும் இடம் ஆந்திராவின் திருப்பதி மாவட்ட எல்லைக்குள் வருகிறது, அதற்கான எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே தள்ளிப்போடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த நிறங்கள் ஒரு மாவட்டம் முழுவதற்கும் போடுவது, ஓடைக்குள் நிற்கும் ஆளுக்காகப் போடுவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, நம் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் புரிவது. ஆரணி ஆறு இந்த மலைத்தொடர்களின் தண்ணீரை வாங்கித்தான் பிச்சாட்டூர் ஏரிக்கு வந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் சேர்கிறது. ‘பிச்சாட்டூரில் தண்ணீர் திறப்பு, ஆரணி ஆற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை’ என்று செய்தி வந்தால், மலை நிரம்பி வழிகிறது என்று பொருள். அந்த வாரம் போகாதீர்கள். கிளம்பும் அன்று காலையில், மழைமேகம் இருக்கும் இடத்தை நிறத்தால் காட்டும் ரேடார் படத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சென்னை டாப்ளர் ரேடார் நம் துறைமுகக் கட்டிடத்தின் உச்சியில்தான் இருக்கிறது, ராஜாஜி சாலையில் போகும்போது அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் படம் வானிலை மையத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். வடமேற்கே நிறம் தெரிந்தால் பயணம் இல்லை.

மூன்று நாள் என்பது லேசான மழைக்கு. ஒரே நாளில் 7 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருந்தால் ஐந்து நாள் விடுங்கள். தண்ணீர் அதற்கு முன்பே வடிந்துவிடலாம். ஆனால் பாறை மேல் படிந்த வண்டல் காய, பாசி உலர அவ்வளவு நாள் ஆகும்.

காணும் பொங்கல் வேண்டாம் என்று நான் கெட்டியாகவே சொல்கிறேன். கூட்டம் எரிச்சல் தருவது ஒருபுறம் இருக்கட்டும், இங்கே கூட்டமே ஒரு ஆபத்து. ஒரே ஆள் ஏறக்கூடிய பாறையில் இருபது பேர் வரிசை நிற்பார்கள். பின்னால் இருப்பவர் அவசரப்பட்டு, பாசி பிடித்த ஓரமாக ஏறப் பார்ப்பார். மடுவில் குதிப்பவன் கீழே ஆள் இருப்பதைக் கவனிக்க மாட்டான். ஈரக் கால்கள் ஆயிரம் மிதித்தால் காய்ந்த பாறையும் ஈரமாகிவிடும். ஜனவரி 1, குடியரசு தினம், ஞாயிறுகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். உங்கள் எல்லோருக்கும் லீவு கிடைக்குமானால் தைப்பூசத்தைப் பாருங்கள். 2021 முதல் அது தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. ஆந்திராவில் வேலை நாள், அந்தப் பக்கத்துக் கூட்டம் இருக்காது. நம் ஊர்க் கூட்டத்தில் பாதியும் திருத்தணிக்கும் வடபழனிக்கும் போய்விடும். தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மட்டும் இந்த யோசனை பயன்படாது, சனிக்கிழமைக்கே போங்கள்.

போவதற்கு ரயிலை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் பெரும்பாலான லோக்கல் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். தடா வரை போவது சூலூர்ப்பேட்டை வண்டி, அது எண்ணிக்கையில் குறைவு. இறங்கிய பிறகு இருபது கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ தேட வேண்டும், திரும்பி வரும்போது அதுவும் கிடைக்காமல் போகும். எட்டுப் பேருக்கு ஒரு வேன் பேசுங்கள். மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் ஆந்திர பர்மிட் யார் எடுப்பது, எவ்வளவு என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். எல்லையில் நின்றுகொண்டு பேசினால் ஒரு மணி நேரம் போய்விடும். காலை நாலரைக்குக் கிளம்பினால் மணலிப் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசை சேர்வதற்குள் கொல்கத்தா ஹைவேயைப் பிடித்துவிடலாம். ஏழு மணிக்கு வனத்துறை வாசல்.

அதைவிடச் சீக்கிரம் போக வேண்டியதில்லை. தையில் சூரியன் உதிப்பதே ஆறரைக்கு. இடுக்குக்குள் வெயில் இறங்க ஒன்பது, ஒன்பதரை ஆகும். அதுவரை பனி ஈரம் பாறை மேல் அப்படியே நிற்கும். ‘மழையே பெய்யவில்லையே, ஏன் வழுக்குகிறது’ என்று காலையில் விழுகிறவர்கள் எல்லாம் இந்தப் பனியில் விழுகிறவர்கள்தான். ஏழரைக்கு நடையைத் தொடங்கி, காட்டுப் பாதையை மெதுவாக முடித்து, ஒன்பதரைக்குப் பாறைப் பகுதிக்கு வந்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

திரும்பும் நேரம் பன்னிரண்டரை. அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும், இன்னும் பத்தே நிமிடம் என்று யாராவது சொன்னாலும், பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும். பாறையில் இறங்குவதற்கு ஏறிய அளவு நேரமே ஆகும். மூட்டு களைத்திருக்கும், கண் களைத்திருக்கும். சூரியன் மறைவது ஆறு மணிக்கு என்றாலும் மலை நிழல் நாலு மணிக்கே உள்ளே இருட்டைக் கொண்டுவந்துவிடும். இந்த வழியில் கெட்டுப்போன பயணங்கள் பெரும்பாலும் மூன்று மணிக்கு அருவியில் நின்றவர்களுடையவை. நேரத்தைச் சொல்லித் திருப்பும் பொறுப்பை ஒருவரிடம் முன்கூட்டியே கொடுங்கள். கடிதம் எழுதிக் கேட்டவர் நீங்கள். அந்தப் பொறுப்பு உங்களுக்கே இருக்கட்டும்.

பாறையில் நடப்பது பற்றி. கறுத்து மினுமினுக்கும் பாறையிலும் பச்சை படர்ந்த பாறையிலும் கால் வைக்கவே கூடாது. வெளிறிச் சொரசொரப்பாக இருப்பதில் வையுங்கள். ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். இறங்கி, மணலில் மிதித்து, அடுத்ததில் ஏறுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். ஏறும்போது இரண்டு கை, இரண்டு கால் என நான்கில் மூன்று எப்போதும் பாறையைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் கையில் செல்போனோ தண்ணீர் பாட்டிலோ இருக்கக் கூடாது. செருப்பு வேண்டாம், வார் அறுந்தால் அன்றைய நாள் முடிந்தது. அடிப்பாகம் மென்மையான ரப்பராக இருக்கும் கேன்வாஸ் ஷூ போதும்; விலை உயர்ந்தது தேவையில்லை, புதிதாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். நனையும் என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைக் கடக்கிறார்கள், அப்போதுதான் பாதம் கிழிகிறது. ஷூ நனையட்டும். வேனில் மாற்றுச் செருப்பும் காய்ந்த காலுறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடையைக் கடக்க இடம் தேடும்போது, குறுகிய இடம் சுலபம் என்று தோன்றும். குறுகிய இடத்தில்தான் ஆழமும் இழுப்பும் அதிகம். அகலமாகப் பரவி ஓடும் இடத்தில் கடக்க வேண்டும். தண்ணீர் உங்கள் முழங்காலுக்கு மேல் ஓடினால் கடக்காதீர்கள், திரும்பிவிடுங்கள். பையனுக்கு அவன் முழங்கால்தான் அளவு. முகத்தை நீர் வரும் பக்கம் வைத்து, ஒரு கம்பை ஊன்றி, பக்கவாட்டில் அடி வையுங்கள். முதுகுப் பையின் இடுப்புப் பட்டையை முன்பே கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும்.

உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வந்தாலோ, மேலே லாரி வருவது போன்ற இரைச்சல் கேட்டாலோ, நின்று பார்க்காதீர்கள். ஓடை வழியாகக் கீழே ஓடவும் கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகம். பக்கச் சரிவில் ஏறுங்கள், குறைந்தது இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு. பை போகட்டும். ஏறிய இடத்திலேயே தண்ணீர் வடியும்வரை உட்காருங்கள். மழை விட்டால் சில மணி நேரத்தில் வடியத் தொடங்கிவிடும். அதுவரை இருட்டிவிடலாம் என்பதால் ஆளுக்கு ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

உங்கள் தம்பியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீச்சல் தெரியாதவன் மடுவுக்குப் பயப்படுவான். கடலில் பழகியவன் பயப்பட மாட்டான். கடல்நீர் உப்பால் கனமானது, உடலைத் தூக்கிக் கொடுக்கும். மடுவின் நன்னீரில் அந்தத் தாங்கல் குறைவு. அருவி விழும் இடத்திலோ தண்ணீரில் காற்றுக் குமிழி கலந்து நுரைத்திருக்கும், அதில் மிதப்பு இன்னும் குறையும். கையை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. குதிப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளம் அடியிலுள்ள பாறைகளை உருட்டி இடம் மாற்றுகிறது. போன வருடம் பதினைந்தடி ஆழம் இருந்த இடத்தில் இந்த வருடம் நாலடியில் ஒரு பாறை நிற்கலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் குதிப்பது யாருக்கும் கிடையாது. குளிப்பது இடுப்பளவு நீரில், கரையில் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கயிறு கையில் இருக்க. பத்து மீட்டர் நைலான் கயிறு காசிமேட்டில் கிடைப்பது உங்களுக்குத் தெரியும், அதைத் தம்பியையே கொண்டுவரச் சொல்லுங்கள். பையனுக்கு அங்கே கரையோரக் குளியல் போதும். மது குடித்தவர்கள் மடுவில் இறங்கி இறப்பது எல்லா அருவிகளிலும் நடக்கிறது. உங்கள் குழுவில் யாரும் பாட்டில் எடுத்து வரக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாமா வரலாம். ஆனால் ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 45 நிமிடம் நடக்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் படி ஏறி இறங்கட்டும். அவர் சாப்பிடும் மாத்திரை சர்க்கரையைத் தாழ இறக்கும் வகையா என்று மருத்துவரிடம் கேட்டு, நடை நாளுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும். காலை இட்லியைச் சாப்பிடாமல் நடையைத் தொடங்கக் கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரை மிட்டாயோ இருக்க வேண்டும். கை நடுங்கி, திடீரென்று வியர்த்து, பேச்சு குழறினால் உடனே கொடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் கல் குத்துவது தெரியாமல் போகலாம், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். அவர் பாறைப் பகுதியின் தொடக்கத்தில் இருக்கும் மடுவோடு நின்றுகொள்வது நல்லது. அது தோல்வி இல்லை என்பதை எல்லோரும் முன்பே பேசிக்கொண்டால் அவருக்கும் சங்கடம் இருக்காது. அவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள், இரண்டு பேர் துணைக்கு இருக்க வேண்டும்.

தண்ணீர் பெரியவர்களுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர், பையனுக்கு இரண்டு. ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க வேண்டாம், மேலே குரங்கும் மனிதனும் அதில்தான் புழங்குகிறார்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவுக்குக் கலப்பது பலனில்லை. உணவுக்கு எலுமிச்சை சாதம், வாழைப்பழம், கடலை மிட்டாய். எல்லாம் எவர்சில்வர் டப்பாவில். கவரைப் பார்த்தால் குரங்கு பாயும், வாசலில் வனத்துறையும் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடும், பிடுங்குவதுதான் சரி. கால் பிசகினால் சுற்ற இரண்டு கிரேப் பேண்டேஜ் போதும். பிசகிய காலிலிருந்து ஷூவைக் கழற்றாமல் மேலேயே சுற்றுங்கள், கழற்றினால் வீங்கிய காலுக்குத் திரும்பப் போட முடியாது. பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தொங்கினால் அதன் கீழே சத்தம், புகை, வாசனைத் தைலம் எதுவும் கூடாது. கொட்டத் தொடங்கினால் முகத்தைத் துணியால் மூடி விலகி ஓடுங்கள், மடுவில் குதிக்காதீர்கள். வெளியே வரும்வரை தேனீக்கள் காத்திருக்கும். பாம்பு கடித்தால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் தூக்கி வந்து மருத்துவமனைக்குக் கொண்டு போவது ஒன்றே வழி. 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

அனுமதி நிலவரம் அடிக்கடி மாறும் இடம் இது. விபத்து நடந்தால் சில நாள் மூடுவார்கள். முந்தைய நாள் யாரையாவது விட்டு வரதய்யபாளையம் பக்கம் விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால், ‘வேறு வழி காட்டுகிறேன்’ என்று வருகிற பையன்களுக்குக் காசு கொடுத்து உள்ளே போகாதீர்கள். அந்த வழிகளில் விழுந்தவர்களை எங்கே தேடுவது என்பதே யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மாற்றாக, திரும்பும் வழியில் பழவேற்காடு இருக்கிறது. தையில் ஏரியில் பூநாரைகள் நிற்கும் காலம் அது, பையனுக்கு அதுவும் பிடிக்கும்.

உள்ளே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் வீட்டில் இருக்கப்போகும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், எந்த வேன், ஓட்டுநர் எண், மாலை ஆறு மணிக்குள் வரதய்யபாளையம் வந்து போன் செய்வோம். ஏழரை வரை போன் வரவில்லை என்றால் முதலில் ஓட்டுநரையும், பிறகு 112-ஐயும் அழைக்கச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து 112 அழைத்தால் நம் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அதனால் வரதய்யபாளையம் காவல் நிலைய எண்ணை விசாரித்து அதே தாளில் எழுதி வையுங்கள்.